உஸ்தாத் உம்ரானின் குரல் குடியிருந்த வீடுகள்

இருந்ததோ இல்லையோ, நடந்ததோ நடக்கவில்லையோ என்று இழுத்து இழுத்து ஆரம்பிக்கிற கதைகளை எங்கள் லிபியாவில் நிறையவே கேட்டிருக்கிறேன், ஆனால் இது அந்த வகை இல்லை, இது பெங்காசியில் உப்பு ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் தெருவில், என் எதிர்வீட்டு வாசலில், பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து மூன்றாம் சுற்று டீக்கு நான் வேர்க்கடலை வறுத்துக்கொண்டிருந்த நேரத்தில், என் ஜன்னலுக்கு நேரே நடந்தது. ஒரு வெள்ளை டாக்ஸி வந்து நின்றது, அதிலிருந்து மிஃப்தாஹ் இறங்கினான், சிறைக்குப் போனபோது கறுப்பாக இருந்த தலை பஞ்சாகி, கையில் ஒரு பிளாஸ்டிக் பை, காலில் யாருடையதோ செருப்பு. அவன் மனைவி மப்ரூக்கா வெறுங்காலோடு ஓடி வந்தவள் ஓர் அடி தள்ளியே நின்றுவிட்டாள், தொட்டால் கலைந்துவிடுவானோ என்று பயந்தாளோ என்னவோ, "வந்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். மிஃப்தாஹ் வாயைத் திறந்தான். "அந்த வருஷம் கடல் ஊருக்குள் வரவில்லை, தன் உப்பை மட்டும் அனுப்பிவைத்தது" என்றான்.

சொன்னது அவன் வாய்தான். குரல் அவனுடையது இல்லை. அது உஸ்தாத் உம்ரானின் குரல், தாழ்ந்து, சற்றுக் கரகரத்து, முக்கியமான சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன இருமல் போட்டுவிட்டு வருகிற குரல், எங்கள் தெருவில் பிறந்த குழந்தைக்குக்கூட அடையாளம் தெரியும். மப்ரூக்கா கொஞ்ச நேரம் அவன் உதடுகளையே பார்த்தாள். பிறகு, "உள்ள வாங்க, டீ ஆறிடும்" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

உஸ்தாத் உம்ரான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கதை எழுதுகிறவர், ஆசான் என்கிற மரியாதையில் எல்லோரும் உஸ்தாத் என்போம். பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வரும் கதைகள்தான், ஆனால் அதில் நாங்கள் இருந்தோம், மீன் கழுவும் பெண்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக்கொண்டு மூன்றாவது வீட்டுக்காரியோடு சண்டை போடும் நான். நாங்கள் மனு மேல் மனுவாகக் கொடுத்தும் எட்டிப் பார்க்காத தண்ணீர் லாரி, அவர் அதைப் பற்றி ஒரு கதை எழுதிய வாரமே தெருவுக்குள் வந்து ஹாரன் அடித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை மாலைகளில் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்து மன்றத்தில் கதை வாசிப்பார். பெண்களும் வர வேண்டும் என்றார், அப்பன்மார்கள் முறைத்தார்கள், சரி, நடுவில் திரை கட்டிக்கொள்ளலாம் என்றார். இரண்டு வாரம் திரைக்குப் பின்னால் கேட்டோம். மூன்றாவது வாரம், என் குரல் சின்னது, துணியைத் தாண்ட மாட்டேன் என்கிறது என்று பெரிதாக ஓர் இருமல் இருமிக் காட்டினார், அப்பன்மார்களே எழுந்து திரையை அவிழ்த்தார்கள். அந்தத் திரை அதற்குப் பிறகு கட்டப்படவே இல்லை. அந்த மாதிரி மனுஷனை விட்டுவைப்பார்களா, ஒரு வியாழக்கிழமை அரசாங்கத்து ஆட்கள் மன்றத்திலிருந்தே கொண்டுபோய்விட்டார்கள்.

மிஃப்தாஹ் மாட்டிக்கொண்டது வேறு வகை. அவனும் எழுதுகிறவன்தான், விளையாட்டுப் பக்கத்தில் கால்பந்து எழுதுவான். அந்தக் காலத்தில் எங்கள் நாட்டில் ஆட்சியில் இருந்த ஒரே ஒருவருடைய பெயருக்குத்தான் புகழ் சேரலாம், மற்றவன் எவனும் பெயரெடுத்துவிடக் கூடாது என்பதற்காக ரேடியோவில் ஆட்டத்தை வர்ணிக்கிறவர்கூட ஆட்டக்காரன் பெயரைச் சொல்லாமல் சட்டை எண்ணை மட்டும் சொல்லி, ஆறு பந்தை எடுத்தான், ஒன்பதுக்குக் கொடுத்தான், ஒன்பது கோல் போட்டான் என்றுதான் கத்துவார். மிஃப்தாஹும் அப்படித்தான் எழுதிவந்தான். ஒருநாள் கோல் போட்டவன் எங்கள் தெரு ரொட்டிக்கடைக்காரர் மகன். சந்தோஷத்தில் எண்ணை எழுத வேண்டிய இடத்தில் பையன் பெயரை எழுதிவிட்டான். பேப்பர் காலையில் வந்தது, அவன் மத்தியானம் போனான். ரொட்டிக்கடைக்காரர் அந்தப் பக்கத்தை மடித்து இன்னும் சட்டைக்குள் வைத்திருக்கிறார்.

இப்போது அவன் திரும்பி வந்துவிட்டான், ஆனால் உம்ரானின் சொற்களைத் தவிர வேறு சொல் அவன் வாயில் வரவில்லை. டாக்டர் வந்தார், டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார், தொண்டையில் கோளாறு ஒன்றுமில்லை என்றார், பெட்டியை மூடிவிட்டு, அப்புறம் அந்த உப்பு எது வரைக்கும் வந்தது என்று கேட்டு உட்கார்ந்துவிட்டார். பள்ளிவாசல் ஷேக் வந்தார், ஓதித் தண்ணீர் தெளித்தார், நெடுநேரம் கண்ணை மூடிக் கேட்டார், "ஜின் இல்லம்மா. ஜின்னா இருந்தா இவ்வளவு நல்ல அரபி பேசாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். எழுதியாவது காட்டட்டும் என்று நான் ஒரு பேனாவைக் கொடுத்தேன், மிஃப்தாஹ் நல்ல வட்ட வட்டமாக எழுதுகிறவன், தாளில் விழுந்ததோ இடப்பக்கம் சாய்ந்த உம்ரானின் கையெழுத்து, அதே உப்பு, அதே கடல். மப்ரூக்கா அந்தத் தாளை டீ அடுப்பில் போட்டாள். அந்தக் கையெழுத்து வீட்டில் அகப்பட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும்.

அவனிடம் இருந்தது ஒரு கதையின் ஒரு பகுதி என்பது சில நாளில் புரிந்தது. ஓர் ஊருக்குள் உப்பு மெல்ல மெல்ல ஏறி வருகிறது, கிணற்றில், மாவில், மெத்தையில், பேச்சில். அதில் ஸஹ்ரா என்று ஒரு பெண். அந்தப் பகுதியை முதலிலிருந்து கடைசிவரை சொல்வான், மறுபடி முதலிலிருந்து வருவான். ஆனால் மனுஷன் வீட்டில் வாழ வேண்டுமே, தண்ணீர் கேட்க வேண்டுமே, பசிக்கிறது என்று சொல்ல வேண்டுமே, அதனால் நடுவிலிருந்து பொருத்தமான வரியைப் பிய்த்தெடுத்துச் சொல்லக் கற்றுக்கொண்டான், மப்ரூக்கா அதைப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொண்டாள். "கிணற்றிலிருந்து முதல் வாளி ஏறியபோது ஊரே வாயைத் திறந்து நின்றது" என்றால் தாகம். "அடுப்புகள் தங்களுக்குள் பேசிக்கொண்டன" என்றால் சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். "தெற்குக் காற்று கதவைத் தட்டிப் பெயர் கேட்டது" என்றால் ஜன்னலைச் சாத்து, மணல் வருகிறது.

தெரு சும்மா இருக்குமா. பக்கத்து வீட்டில் நாலு நாளாகக் கிளம்பாத மச்சினி இருந்தாள், "விருந்தாளியின் செருப்பில் உப்பு பூத்துவிட்டது" என்று நான் ஒரு மாலை சொன்னேன், மறுநாள் தெருமுழுக்க அதுவே பேச்சு. வீண்பெருமை பேசுகிறவளைப் பார்த்து, "இவள் வீட்டுத் தண்ணீர் மட்டும் இனிக்கிறதாம்" என்றோம். பிள்ளைகள் ஒளிந்து விளையாடும்போது அவன் சொல்லும் வரிகளைச் சொல்லி எண்ணினார்கள், பிணங்கிக்கொண்ட புருஷன் பெண்டாட்டி அவன் வரிகளிலேயே சமாதானமானார்கள், ரேடியோவில் ஓயாமல் ஒரே ஒருவருடைய பேச்சு ஓடிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் தெருவில் மட்டும் வேறொருவர் சொற்களில் மாவு பிசைந்தோம், துணி உலர்த்தினோம், சண்டை போட்டோம். எங்களுக்கு அது சௌகரியமாகவே இருந்தது. சௌகரியம் இல்லாமல் போனது மப்ரூக்காவுக்குத்தான்.

ஏனென்றால் அவன் அவளைப் பார்த்துச் சொல்ல அந்தப் பகுதியில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. "ஸஹ்ரா, விளக்கை ஏற்றாதே, வருகிறவர்கள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வருகிறார்கள்." காலையில் எழுந்ததும் அதுதான், அவள் தலை வாரும்போதும் அதுதான், அவன் கண்ணில் அன்பு பொங்கி வரும்போதும் அதே வரிதான். முன்பு அவன் எப்படி இருந்தவன்! எங்கள் ஆண்கள் பெண்டாட்டியை இன்னாருடைய உம்மா என்றோ ஏ பெண்ணே என்றோ கூப்பிடுவார்கள், இவன் மட்டும் வேலை முடிந்து தெருமுனை திரும்பும்போதே, கேஸ் சிலிண்டர் விற்கிறவன்போல, "மப்ரூக்கா! மப்ரூக்கா!" என்று கத்திக்கொண்டு வருவான், நாங்கள் வாயைப் பொத்திச் சிரிப்போம், அவள் வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். இப்போது தெருப்பிள்ளைகள்கூட அவளை ஸஹ்ரா மாமி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தன. ஒருநாள் அவளே அதற்குத் திரும்பிப் பார்த்துவிட்டாள், அன்றைக்கு என் அடுப்படியில் வந்து உட்கார்ந்து அழுதாள்.

"ஒரு தடவை போதும்டி. அவர் குரல்ல, அவர் வாயால, என் பேரை ஒரே ஒரு தடவை சொல்லிட்டா போதும். அதுக்கப்புறம் ஊமையா இருந்தாலும் நான் வச்சுக் காப்பாத்துவேன்."

"கேட்டுப் பாரேன், முயற்சி பண்ணச் சொல்லி."

"பண்றாரு. 'ம' வரைக்கும் உதடு ஒட்டுது. அப்புறம் அந்த இருமல் வருது. அவருக்கு இருமலே கிடையாது, உனக்குத் தெரியாதா? தூங்கும்போதும் அந்தக் குரல்தான் பேசுது. பக்கத்துல படுத்திருக்கிறது யாருன்னு எனக்குப் பயமா இருக்கு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு தச்சர் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். மிஃப்தாஹ் இருந்த சிறையில் எதிர் அறையில் இருந்தவர், சாப்பாடு தள்ளுகிற துவாரம் வழியாக மிஃப்தாஹும் உஸ்தாத் உம்ரானும் அடைபட்டிருந்த அறையைப் பார்த்துக்கொண்டே காலம் கழித்தவர். அவர் சொல்லித்தான் விஷயம் முழுசாகத் தெரிந்தது. சிறைக்குள் தாள் கிடையாது, பென்சில் கிடையாது. உஸ்தாத் உம்ரான் மனசுக்குள்ளேயே ஒரு நாவலை எழுதினார். எழுதிய அத்தியாயங்களைக் கட்டில் வரிசைப்படி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார், ஒவ்வொருவனும் தன் அத்தியாயத்தைத் தினம் காலையில் ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். மிஃப்தாஹுக்கு நான்காவது. கடைசிக் குளிர்காலத்தில் இருமல் முற்றி அவர் இறந்துபோனார், இறப்பதற்கு முன்னால் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு வாக்கு வாங்கினார்.

"வெளியில கொண்டுபோய் ஒண்ணாச் சேர்க்குற வரைக்கும் வாயில வேற எதுக்கும் இடம் கொடுக்காதீங்கன்னாரு. சரின்னானுங்க. ஏதோ பேச்சுக்குச் சொன்னாருன்னு நினைச்சேன்" என்றார் தச்சர். "இவனுங்க நிஜமாவே இடம் கொடுக்கல, பாருங்க."

மப்ரூக்கா அன்றைக்கே டாக்ஸி நிலையத்துக்குப் போனாள். எங்கள் நாட்டில் ஊருக்கு ஊர் ஆள் சேர்த்துக்கொண்டு ஓடும் டாக்ஸிக்காரர்களுக்குத் தெரியாத வீடு கிடையாது. சேதி ஒவ்வொன்றாக வந்தது. மிஸ்ராத்தாவில் ஒரு தையல்காரர், அளவெடுத்துக்கொண்டே ஸஹ்ராவின் கல்யாணத்தைச் சொல்கிறார், அது முதல் அத்தியாயம். தெர்னாவில் ஒரு பள்ளி வாத்தியார், வகுப்பில் பூகோளத்துக்குப் பதிலாக உப்பு ஏறிய தெருக்களைச் சொல்லி வேலை போனவர். தெற்கே செப்ஹாவில் ஒரு பேரீச்சம்பழ வியாபாரி, அவர் வீட்டில் அவரோடு ஒருவரும் சேர்ந்து சாப்பிடுவதில்லை. எட்டு வீடுகள், எட்டு ஆண்கள், எல்லோருக்கும் ஒரே குரல். ஒரு வீட்டில் இருமினால் அதே கணம் மற்ற வீடுகளிலும் இருமல் கேட்கிறது என்று இரண்டு டாக்ஸிக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்து ஒப்பிட்டுச் சொன்னார்கள். அப்படியானால் இருமுகிறது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

எட்டுப் பேரையும் ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். ஆனால் நாலு பேர் கூடி நின்றாலே எதற்கு என்று கேட்கிற காலம். கேட்காமல் விடுகிற கூட்டம் ஒன்றுதான், துக்கக் கூட்டம். யார் வீட்டிலாவது சாவு என்றால் தெருவிலேயே கூடாரம் போட்டு, பாய் விரித்து, மூன்று நாள் வந்தவருக்கெல்லாம் டீயும் பாஸீன் என்கிற பார்லிக் களியும் கொடுப்பது எங்கள் வழக்கம், அதை எந்த அரசாங்கமும் தொடாது. மப்ரூக்கா கூடாரம் போட்டாள். எங்கள் தெருவைக் கண்காணிக்கவென்றே ஒருவன் இருந்தான், பஷீர் என்று பெயர், அவன் என்ன வேலை பார்க்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும், தெரியும் என்பது அவனுக்கு மட்டும் தெரியாது, அவன்தான் முதல் ஆளாக வந்தான்.

"யாரு தவறிட்டாங்க?"

"என் அத்தை. குஃப்ராவுல" என்றாள் மப்ரூக்கா.

"எப்போ?"

"இப்பத்தான், நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. உக்காரு, டீ குடி."

உட்கார்ந்தான். டாக்ஸிக்காரர்கள் கொண்டுவந்து விட, ஒவ்வொருவராக எட்டுப் பேரும் வந்து சேர்ந்தார்கள். கட்டித் தழுவிக்கொள்ளவில்லை, ஸலாம்கூடச் சொல்ல முடியவில்லை, பழைய கட்டில் வரிசைப்படி பாயில் அமர்ந்தார்கள், மிஸ்ராத்தா தையல்காரர் முதல் அத்தியாயத்தை ஆரம்பித்தார். பெண்கள் நாங்கள் கூடாரத்தின் ஒரு பக்கத்துணியைத் தூக்கிக் கட்டிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தோம். ஒருவர் முடிக்க அடுத்தவர் எடுத்தார், வாய்தான் மாறியது, குரல் மாறவில்லை, கண்ணை மூடிக்கொண்டால் செத்துப்போன ஒரு மனுஷன் பாயில் இடம் மாறி மாறி உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது, ஆனாலும் எழுந்து போக முடியவில்லை. இரண்டாம் நாள் அஸருக்கு எட்டாம் அத்தியாயம் முடிந்தது. ஊர் முழுக்க உப்பு மூடி, ஸஹ்ரா வீட்டுக்குள் தனியாக இருக்கிறாள், வெளியே கதவைத் தட்டுகிறார்கள், அவள் கை தாழ்ப்பாளில் இருக்கிறது. அத்தோடு நின்றது.

எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒன்பதாவது யாரிடமும் இல்லை. பிறகு, யாரும் சொல்லாமலேயே, எட்டு வாய்களும் ஒரே நேரத்தில் திறந்து அவரவர் முதல் வரியைச் சொல்ல ஆரம்பித்தன, கூடாரத்துக்குள் அந்த ஒரே குரல் எட்டுத் திசையிலிருந்து வெவ்வேறு விஷயம் பேசியது, ஒரு பெண் மயங்கி விழுந்தாள், நாய்கள் தெருவை விட்டு ஓடின. அந்தச் சத்தத்துக்கு நடுவே பஷீர் எழுந்து நின்று, கண் சிவந்து, "அப்புறம்? கதவைத் திறந்தாளா இல்லையா? யாராவது சொல்லித் தொலைங்களேன்!" என்று கத்தினான்.

தச்சர்தான் யோசித்துச் சொன்னார். "அந்த அறையில உஸ்தாத் கட்டிலைத் தவிர ஒன்பது கட்டில். ஒன்பதாவது கதவோரம், காலியாத்தான் கிடக்கும். கடைசி நாட்கள்ல உஸ்தாத் அதுல உக்காந்து கதவைப் பார்த்துப் பேசிக்கிட்டே இருப்பாரு. காய்ச்சல்ல உளர்றாருன்னு நினைச்சேன். கதவுக்கு இந்தப் பக்கம் காவலுக்கு ஃபரஜ் உக்காந்திருப்பான். காதைக் கதவுல வச்சிருப்பான், என் கண்ணால பார்த்தேன்."

மிஃப்தாஹின் முதுகில் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய தடங்களுக்கு மப்ரூக்கா தினம் எண்ணெய் தடவுகிறவள். அது யார் கைவேலை என்பதைத் தச்சர் அவளுக்கு முன்பே சொல்லியிருந்தார்.

"அவன் எங்க இருப்பான்?" என்று கேட்டாள்.

பஷீர் தொண்டையைச் செருமிக்கொண்டான். அஜ்தாபியாவில், பெட்ரோல் பங்குக்குப் பின்னால், நீலக் கதவு என்றான். தன் வேலையை அவன் ஒழுங்காகச் செய்து நாங்கள் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலையில் மப்ரூக்காவும் நானும் டாக்ஸி பிடித்துப் போனோம். நீலக் கதவைத் தட்டினோம், கனத்த உடம்பும் சின்னக் கண்களுமாக ஒருவன் திறந்தான், எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்தப் போனான், மப்ரூக்கா பெயரைச் சொன்னாள், தன் பெயரையும் புருஷன் பெயரையும். அவன் கை நின்றது. வாய் தானாகத் திறந்தது. "தாழ்ப்பாளின் இரும்பு அவள் உள்ளங்கையை விடச் சூடாக இருந்தது" என்றது உஸ்தாத் உம்ரானின் குரல், சட்டென்று தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டான். வீட்டுக்குள் வேறு ஆள் அரவம் இல்லை. பெண்டாட்டி பிள்ளைகள் அந்தக் குரலுக்குப் பயந்து போய் வெகுநாள் ஆகிவிட்டது என்று பெட்ரோல் பங்குக்காரன் பிற்பாடு சொன்னான்.

மப்ரூக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன்னை என் வீட்டு நிழல்ல நிக்கவிடவே எனக்கு மனசில்ல. உன் கை எங்கெங்க பட்டிருக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா உன் வாயில இருக்கிறது உன்னோடது இல்ல. வந்து கொடுத்துட்டுப் போ."

அவன் தலையை ஆட்டி மறுத்தான், பின்னால் நகர்ந்தான். பயந்துபோயிருந்தான், எட்டுப் பேரை எண்ணிப் பயந்தான்.

"உனக்கு ஒண்ணும் ஆகாது. நான் பார்த்துக்கறேன்" என்றாள். அவன் கதவைப் பூட்டிக்கொண்டு எங்கள் பின்னால் வந்து டாக்ஸியில் ஏறினான்.

அன்று அஸருக்கு அவன் கூடாரத்துக்குள் குனிந்து நுழைந்தான். எட்டுப் பேரும் எழுந்தார்கள். அடிக்கத்தான் எழுகிறார்கள் என்று நினைத்தேன், நானே ஒரு செருப்பைக் கையில் எடுத்துவிட்டேன். அவர்கள் அடிக்கவில்லை. ஒரே அசைவாகத் திரும்பி, கூடாரத் துணியைப் பார்த்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நெற்றி துணியில் படும்படி வரிசையாக நின்றார்கள். சிறைக் கதவு திறந்தால் அப்படி நிற்க வேண்டுமாம். ஃபரஜ் கையை அசைத்து வேண்டாம் வேண்டாம் என்று காட்டினான், முதுகுகளுக்கு எப்படிக் கண் தெரியும், யாரும் திரும்பவில்லை. மப்ரூக்கா நேராகப் போய் மிஃப்தாஹின் கட்டிய கையைப் பிடித்துப் பிரித்தாள்.

"உக்காருங்க. இது என் கூடாரம். இங்க வர்றவன் எனக்கு விருந்தாளி, உங்களுக்குக் காவல்காரன் இல்ல."

ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அவள் ஃபரஜுக்கும் ஒரு கிளாஸில் நுரை பொங்க டீ ஊற்றி அவன் முன்னால் வைத்தாள், கையில் கொடுக்கவில்லை. அவன் வாசலோரம், ஒன்பதாவது இடத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தான்.

ஸஹ்ரா உடனே கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருந்தபடியே, தட்டுவது யார், பெயர் சொல்லுங்கள் என்று கேட்கிறாள். வெளியே நிற்கிறவர்களுக்குத் தங்கள் பெயர் மறந்துபோயிருக்கிறது, உப்பு அரித்துவிட்டது. அவள் விடவில்லை, பொறுமையாக மறுபடி மறுபடி கேட்கிறாள். நினைவு வந்த ஒருவன் தன் பெயரைச் சொல்கிறான், தாழ்ப்பாளிலிருந்து ஒரு பிடி உப்பு உதிர்கிறது. அடுத்தவன் சொல்கிறான். அந்தப் பெயர்களை உம்ரான் எங்கிருந்தோ கற்பனையாக எடுத்திருக்கவில்லை. மிஸ்ராத்தா தையல்காரரின் பெயர், தெர்னா வாத்தியாரின் பெயர், செப்ஹா வியாபாரியின் பெயர், மிஃப்தாஹ், எட்டுப் பேரும் கட்டில் வரிசையில் வந்தார்கள், எட்டுப் பேரும் தங்கள் பெயரை அந்தக் குரலில் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டார்கள். ரொட்டிக்கடைக்காரர் மகனும் வந்தான், எண் இல்லாமல், முழுப்பெயரோடு. கடைசியில் ஒருவன் மட்டும் கூட்டத்துக்கு வெளியே தயங்கி நிற்கிறான், அவனையும் ஸஹ்ரா கேட்கிறாள், நீ யார், சொல், உனக்காகவும்தான் கதவு இன்னும் சாத்தியிருக்கிறது. காவல்காரனின் வாய் திறந்தது, மூடியது, இருமல் வந்தது, பிறகு உம்ரானின் குரல் மிக மெதுவாக, "ஃபரஜ்" என்றது. கதவு திறந்தது என்று நாவல் முடிந்தது.

அந்த நாவல் இன்றுவரை அச்சில் இல்லை, சொன்ன ஒன்பது பேருக்கும் அந்த நிமிஷமே அதில் ஒரு வரிகூட ஞாபகம் இல்லாமல் போய்விட்டது. எங்களிடம் இருக்கிறது. கேட்ட பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் வைத்திருக்கிறோம், மாவு பிசையும்போது எவளாவது ஆரம்பித்தால் எவளாவது முடிப்பாள்.

ஆனால் அந்தச் சாயங்காலத்தைச் சொல்கிறேன். ஃபரஜ் முடித்தபின் குரல் போய்விட்டது, போவது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது, யாரோ எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு தெருவழியே நடந்து போவதுபோல. முதலில் பேசியவர் மிஸ்ராத்தா தையல்காரர், கீச்சென்ற குரல் அவருக்கு, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார், கேட்டுவிட்டுத் தன் குரலைக் கேட்டு விம்மினார். வாத்தியார் தன் பெயரைத் தானே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பஷீர் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஃபரஜ் தொடாத டீயைப் பார்த்தபடி, தடித்த சொந்தக் குரலில், "நான் போகலாமா?" என்று கேட்டான். மற்றவர்கள் தங்கள் தங்கள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போகவும் முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

மப்ரூக்கா எங்களுக்கு முதுகைக் காட்டி, அடுப்புக்கு முன்னால் குந்தி, மூன்றாம் சுற்று டீயை ஒரு கெண்டியிலிருந்து இன்னொன்றுக்கு உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்தாள். பாதி டீ கரியில் விழுந்தது, காதை மட்டும் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள் என்பது அவள் கழுத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்தது. மிஃப்தாஹ் எழுந்து அவளுக்குப் பின்னால் வந்து நின்றான். உதடு ஒட்டியது. இருமல் வரவில்லை.

"மப்ரூக்கா" என்றான்.

உடைந்து, உயரமாக, காற்று கலந்து வந்த அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது, அவன்தான், தெருமுனையிலிருந்து கத்திக்கொண்டு வருகிறவனேதான். மப்ரூக்கா கெண்டியைக் கீழே வைத்தாள், முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் குரலை அடையாளம் தெரியாமல், அவனைத் தாண்டி, துக்கம் விசாரிக்கப் புதிதாக யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கூடாரத்தின் வாசலைப் பார்த்து, "யாரு? உள்ள வாங்க" என்றாள்.